பிளேஆஃபுக்கு யார்? வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் வந்தால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் (சாம்பியனை முடிவு செய்யும் கடைசி நாக்அவுட் சுற்று) பட்டியலை வைத்துப் பெரும் சண்டை தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் அங்கே படிக்கிற குமரி மாவட்ட வீடுகளிலிருந்தும், இங்கேயே கல்லூரிப் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். நாடு வேறு, ஆட்டம் வேறு என்றாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி பிளேஆஃபுக்குப் போகும் என்பதைக் கமிட்டி கூடி முடிவு செய்கிறதாம். ஜெயித்தவர்கள் மேலே போவார்கள், தோற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அதுதானே விளையாட்டு? நடுவில் கமிட்டி எதற்கு?

பதில்: அங்கே ஃபுட்பால் என்பது தூத்தூர், சின்னத்துறை கடற்கரையில் நம் பிள்ளைகள் ஆடுகிற கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். உடம்பு தாங்காது என்பதால் வாரத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் வைக்க முடியாது. 2025 சீசனில் மேல்மட்டப் பிரிவில் 136 கல்லூரிகள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஆட்டம் 12தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வேண்டுமானால் ஒரு கல்லூரிக்கு 135 ஆட்டம் வேண்டும்.

அதனால் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டங்களாகப் பிரிந்து, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. எஸ்.இ.சி. (தென்கிழக்கு கான்ஃபரன்ஸ்) என்ற கூட்டத்தில் 16 கல்லூரிகள், பிக் டென் (பெரிய பத்து) என்ற பெயரில் 18. ஒரு கூட்டத்திலேயே எல்லாரும் எல்லாரையும் சந்திப்பதில்லை. ஆக, ஓர் அணி 12க்கு 11 ஜெயித்து நிற்கும், வேறு கூட்டத்து அணி 12க்கு 10 ஜெயித்து நிற்கும். இரண்டுக்கும் பொதுவான எதிரிகூட இருக்காது. எது மேல் என்று புள்ளிப்பட்டியல் சொல்லாது, யாராவது உட்கார்ந்து மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. தென் மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடம் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. மண்டலத்துக்குள் மைதானமே முடிவு சொல்லிவிடுகிறது. கமிட்டி கெட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டோம். அதன் அளவுகோல் எது, அதை எப்போது எழுதி வைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): அந்தக் கமிட்டி உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்கிறது? கைதூக்கி ஓட்டா?

பதில்: இல்லை, ரகசிய ஓட்டு. கமிட்டியில் 13 பேர். முன்னாள் பயிற்சியாளர்கள், கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள் போன்றவர்கள். டெக்சஸில் டாலஸ் பக்கமுள்ள கிரேப்வைன் என்ற ஊரில் கூடுவார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து வாராவாரம் 25 அணிகளின் தரவரிசையை வெளியிடுவார்கள். டிசம்பர் முதல் வாரம் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டங்கள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வருவதுதான் கடைசிப் பட்டியல்.

முதலில் ஒவ்வொருவரும் தம் கணக்கில் சிறந்த 30 அணிகளை வரிசை இல்லாமல் எழுதித் தருவார்கள். மூன்று பேராவது எழுதிய அணிகள் பரிசீலனைக்கு நிற்கும். அடுத்து, ஒவ்வொருவரும் சிறந்த ஆறு அணிகளைக் குறிப்பார்கள். அதிகம் பேர் குறித்த ஆறு அணிகள் மேசைக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். எண்களைக் கூட்டினால் குறைந்த தொகை பெற்ற அணி முதலிடம். ஓர் அணிக்கு ஒன்பது பேர் 1, நான்கு பேர் 2 போட்டால் தொகை 17. இன்னொன்றுக்கு நான்கு பேர் 1, ஒன்பது பேர் 2 போட்டால் 22. முதல் மூன்று அணிகளுக்கு இடம் உறுதியாகிவிடும். மிச்ச மூன்றும் அடுத்த சுற்றுக்கு நிற்க, புதிதாக மூன்று வந்து சேரும். 25 நிரம்பும் வரை ஏறக்குறைய இதே மாதிரி வேலை.

ஓர் உறுப்பினர் ஒரு கல்லூரியில் சம்பளம் வாங்குகிறார் என்றால் அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. அதற்கு ஓட்டும் போட முடியாது. இந்த ஒரு விதியையாவது நம் ஊர்ப் போட்டிக் கமிட்டிகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு முறையில் பெரிய ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது அளவுகோலில். எதிராளிகளின் வலிமை, நேருக்கு நேர் ஆட்டம், பொது எதிரிகளோடு வந்த முடிவுகள், கான்ஃபரன்ஸ் கோப்பை என்று முக்கியமாக நான்கு விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். எது முதல், எது இரண்டாவது, எதற்கு எவ்வளவு எடை என்று எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு டிசம்பரும் தீப்பிடிக்கிறது.

கேள்வி (தக்கலை வாசகர்): மனிதர்கள் வேண்டாம், கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால்?

பதில்: பாதி விட்டுப் பார்த்துவிட்டார்கள். 1998 முதல் 2013 சீசன் வரை பி.சி.எஸ். என்ற முறை இருந்தது. கருத்துக் கணிப்புகளையும் கம்ப்யூட்டர் தரவரிசைகளையும் கூட்டி முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதியாட்டத்துக்கு அனுப்பினார்கள். 2003இல் பத்திரிகையாளர் கணிப்பு, பயிற்சியாளர் கணிப்பு இரண்டிலும் முதலிடத்தில் இருந்த யு.எஸ்.சி. என்ற கல்லூரி வெளியே நின்றது. எல்.எஸ்.யு.வும் ஓக்லஹோமாவும் இறுதியாட்டம் ஆட, எல்.எஸ்.யு. ஜெயித்தது. பத்திரிகையாளர்கள் தங்கள் கணிப்பில் யு.எஸ்.சி.யையே சாம்பியனாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு இரண்டு சாம்பியன்கள்! மறு ஆண்டு ஆபர்ன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வெளியே நின்றது. கம்ப்யூட்டருக்கு எதை முக்கியம் என்று சொல்லித் தருவது மனிதர்கள்தானே?

கேள்வி (குளச்சல் வாசகர்): 2023இல் ஒரு கல்லூரி எல்லா ஆட்டமும் ஜெயித்தும், அதன் முக்கிய வீரருக்குக் கால் உடைந்ததைக் காரணம் காட்டி வெளியே தள்ளினார்களாமே. இது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான் என்பது எங்கள் கருத்து. ஆனால் ‘விதியே இல்லாமல் தள்ளினார்கள்’ என்று சொன்னால் தவறு.

அந்தக் கல்லூரி ஃப்ளோரிடா ஸ்டேட். அப்போது பிளேஆஃபில் நான்கே இடம். நவம்பர் 18 அன்று அதன் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடி. குவாட்டர்பேக் என்றால் பந்தை யாரிடம், எங்கே கொடுப்பது என்று தாக்குதலை முழுக்க நடத்துகிற ஆள். அவர் இல்லாமலும் அணி ஃப்ளோரிடாவை 24-15 என்றும், ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் லூயிவில்லை 16-6 என்றும் வென்று 13 வெற்றி, தோல்வியே இல்லை என நின்றது. நான்காவது இடம் போனதோ, டெக்சஸிடம் ஓர் ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவுக்கு. எஸ்.இ.சி. இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவை 27-24 என வென்ற பலம் அதற்கு. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் சாம்பியன், தோல்வியே காணாமல் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல் முறை.

முக்கிய வீரர் ஆட முடியாத நிலையையும் கருதலாம் என்று கமிட்டியின் நெறிமுறையில் முன்பே எழுதியிருந்தது. ஆகவே விதி இருந்தது. அது 13 வெற்றியைவிடக் கனமானதா என்பதற்குத்தான் எங்கும் பதில் இல்லை. ‘இன்று மோதினால் எது வலுவான அணி’ என்பது ஒரு கேள்வி. ‘இதுவரை ஆடியதில் எது தகுதி பெற்ற அணி’ என்பது வேறு கேள்வி. கமிட்டி அன்று முதல் கேள்விக்குப் பதில் சொன்னது. 13 வாரம் மைதானத்தில் உழைத்த பிள்ளைகள் இரண்டாவது கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்தார்கள்.

அதன்பின் பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பௌல் என்ற ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட், ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றது. ‘பார்த்தீர்களா, கமிட்டி சொன்னது சரி’ என்று சிலர் அதைக் காட்டுகிறார்கள். அந்த ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பலர் இறங்கவே இல்லை. அதை ஆதாரமாக எடுக்க முடியாது.

கேள்வி (கொல்லங்கோடு வாசகர்): 2025இல் நோட்டர் டேம், மயாமி இரண்டுக்கும் தோல்வி எண்ணிக்கை ஒன்றுதான். வாராவாரம் நோட்டர் டேம்தான் மேலே இருந்தது. கடைசி நாளில் மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. இடையில் இரண்டு அணிகளும் ஆடக்கூட இல்லையே?

பதில்: இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி. அப்போது பிளேஆஃபில் 12 இடம். அதில் இரண்டு சின்னக் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் போனதால், தரவரிசையில் முதல் பத்து அணிகளே மற்ற இடங்களைப் பிடித்தன. சீசன் தொடக்கத்தில், ஆகஸ்ட் 31 அன்று, மயாமி நோட்டர் டேமை 27-24 என வென்றிருந்தது. கடைசிக்கு முந்தைய பட்டியலில் அலபாமா 9, நோட்டர் டேம் 10, பி.ஒய்.யு. 11, மயாமி 12. அந்த வாரம் பி.ஒய்.யு. தன் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக்கிடம் 34-7 எனத் தோற்றுக் கீழே இறங்கியது. உடனே நோட்டர் டேமும் மயாமியும் அடுத்தடுத்த இடத்துக்கு வந்துவிட்டன. பக்கத்தில் வந்ததால் நேருக்கு நேர் முடிவைப் பார்த்தோம் என்பது கமிட்டியின் விளக்கம். அதே வாரம் அலபாமாவும் ஜார்ஜியாவிடம் 28-7 எனத் தோற்றது. அது 9ஆம் இடத்திலிருந்து அசையவில்லை. நோட்டர் டேமுக்கு வலித்தது இதுதான்.

எங்கள் பார்வையில் மயாமி உள்ளே போனது சரி. தவறு அதற்கு முந்தைய வாரங்களில் நடந்தது. ஆகஸ்டில் முடிந்த ஆட்டத்தின் முடிவு நவம்பரிலும் அதே முடிவுதானே? பக்கத்தில் வந்தால்தான் கணக்கு, நடுவில் ஓர் அணி நின்றால் கணக்கில்லை என்றால், இரண்டு அணிகளின் தலைவிதி மூன்றாவது அணியின் கையில் போய்விடுகிறது.

நமக்குப் பழக்கமான உதாரணமும் உண்டு. 2019 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் நியூஸிலாந்து, பாகிஸ்தான் இரண்டும் 11 புள்ளி. லீக்கில் பாகிஸ்தான்தான் நியூஸிலாந்தை வென்றிருந்தது. ஆனால் நெட் ரன்ரேட்டில் நியூஸிலாந்து அரையிறுதி போனது. வருத்தம் இருந்தது, ‘விதியை நடுவில் மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்ல இடமில்லை. ரன்ரேட்தான் பார்ப்போம் என்று முதல் பந்து வீசும் முன்பே எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி (குழித்துறை வாசகர்): இடங்களை அதிகமாக்கினால் சண்டை தீராதா?

பதில்: தீராது, இடம் மாறும். நான்கு இடம் இருந்தபோது ஐந்தாவது, ஆறாவது அணிகள் அழுதன. 2014இல் டி.சி.யு. மூன்றாம் இடத்தில் இருந்துகொண்டு கடைசி ஆட்டத்தை 55-3 என வென்றும் ஆறாம் இடத்துக்கு இறக்கப்பட்டது. 2024இல் 12 இடமாக்கினார்கள். மூன்று தோல்வி கண்ட அலபாமா வெளியே, அதைவிட எளிய எதிராளிகளோடு ஆடிய எஸ்.எம்.யு. உள்ளே என்று அடுத்த சண்டை. 2024, 2025 சீசன்களில் இருந்த, தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்ற விதி மட்டும் நல்ல விதி. சின்னக் கல்லூரிக்கும் கதவு திறந்திருந்தது. 2025இல் டியூலேன், ஜேம்ஸ் மேடிசன் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தன.

கேள்வி (இரணியல், கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்): பத்துக் கல்லூரிகளை வைத்துக் கால்பந்துப் போட்டி நடத்தப் போகிறோம். 4, 3, 3 என மூன்று குழு. குழு முதல்வர்கள் மூன்று பேரும், இரண்டாம் இடத்தவர்களில் சிறந்த ஒருவரும் அரையிறுதி. சிறந்த இரண்டாமவரை எப்படித் தேர்வது? போன முறை பெரிய தகராறாகிவிட்டது.

பதில்: தகராறு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

‘அ’ குழுவில் இரண்டாம் அணி கடைசி அணியை 5-0, மூன்றாம் அணியை 1-0 என வென்று, முதல் அணியிடம் 0-2 எனத் தோற்றது. 6 புள்ளி. ‘ஆ’ குழுவில் இரண்டாம் அணிக்கு இரண்டே ஆட்டம்: 3-1 வெற்றி, 0-1 தோல்வி, 3 புள்ளி. ‘இ’ குழுவில் இரண்டு டிரா, 2 புள்ளி. மொத்தப் புள்ளி பார்த்தால் ‘அ’. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தாலும் ‘அ’ 2, ‘ஆ’ ஒன்றரை, எனவே ‘அ’. ஆனால் நான்கு அணிக் குழுவில் கடைசி அணியோடு ஆடியதை நீக்கிக் கணக்கிட்டால் ‘அ’ அணிக்கு 3 புள்ளி, கோல் வித்தியாசம் ஒன்று குறைவு. ‘ஆ’ அணிக்கும் 3 புள்ளி, கோல் வித்தியாசம் ஒன்று கூடுதல். ‘ஆ’ போகும். மூன்றில் எதைச் சொன்னாலும் ஒரு கல்லூரி கேட்கும், ‘இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?’ என்று.

சமமில்லாத குழு வைத்தே ஆக வேண்டுமானால் கடைசி அணியோடு ஆடியதை நீக்குவதே நியாயம். ஐரோப்பிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதிலும் ஒரு வம்பு உண்டு. தான் 5-0 என அடித்த அணி கடைசி இடத்துக்குப் போகக் கூடாது, மூன்றாவதாக முடிய வேண்டும் என்று ஓர் அணிக்கு ஆசை வரும். கடைசி ஆட்டத்தில் தேவையில்லாத சந்தேகங்கள் எழும்.

ஐந்தைந்தாக இரண்டு குழு வைக்கலாம். 20 லீக் ஆட்டம், ஒரு மைதானத்தில் நாளைக்கு நான்கு வீதம் ஐந்து நாள். ஐந்து அணிக் குழுவில் கடைசி நாள் ஓர் அணி சும்மா இருக்கும். மற்றவர்கள் அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு ஆடுவார்கள். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா முந்தைய நாளே தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் தோதான 1-0இல் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டின. 1986 முதல் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைப்பது அதனால்தான்.

எங்கள் யோசனை இது: நான்கு அணிகளை வைத்து முதல் நாள் இரண்டு நாக்அவுட். தோற்ற இரண்டும் வெளியே. மிச்சம் எட்டு, நான்கு வீதம் இரண்டு குழு, 12 லீக் ஆட்டம், முதல் இரண்டு இடத்தவர்கள் அரையிறுதி. மொத்தம் 17 ஆட்டம். ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடும் வேலையே இல்லை. முதல் நாள் யார் ஆடுவது? போன ஆண்டு அரையிறுதி ஆடிய நான்கு அணிகளுக்கும் விலக்கு, மற்ற ஆறில் குலுக்கல். ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும் கல்லூரி வருத்தப்படும், உண்மைதான். மைதானத்தில் தோற்ற வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்க அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரண்டாவது மைதானம் பிடியுங்கள். ஒரு அணி பாதியில் விலகினால், அது ஆடியவை உட்பட அதன் எல்லா முடிவுகளையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டு 1-0 என ஜெயித்த அணிக்கு ஒரு கோல், ஆடாமலே வாக்ஓவர் பெற்ற அணிக்கு மூன்று கோல் என்றாகிவிடும்.

கேள்வி (முட்டம் வாசகர்): புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேரா, கோல் வித்தியாசமா?

பதில்: நான்கு அணிக் குழுவுக்கு நேருக்கு நேரை முதலில் வையுங்கள். கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால், ஆள் பற்றாமல் வந்த அணியை யார் அதிகம் அடித்தார்கள் என்பதே அரையிறுதியை முடிவு செய்யும்.

மூன்று அணிகள் சமமானால் கவனம் தேவை. ‘க’ அணி ‘ங’வை 2-0, ‘ங’ அணி ‘ச’வை 1-0, ‘ச’ அணி ‘க’வை 1-0 என வென்றதாக வையுங்கள். மூவருக்குள் ஆளுக்கு 3 புள்ளி. கோல் வித்தியாசம் ‘க’ கூட்டல் 1, ‘ச’ பூஜ்யம், ‘ங’ கழித்தல் 1. ‘க’ முதலிடம். இரண்டாமிடம்? அதே பட்டியலைத் தொடர்ந்தால் ‘ச’. மிச்ச இருவருக்கு நேருக்கு நேரைப் புதிதாகப் பார்த்தால் ‘ங’, ஏனென்றால் ‘ங’தான் ‘ச’வை வென்றது. இரண்டும் நியாயமான வாசிப்புதான். எது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: ‘ஓர் அணி பிரிந்ததும் மிச்ச அணிகளுக்கு முதலிலிருந்து தொடங்கப்படும்’ அல்லது ‘தொடங்கப்படாது’. இந்த வரி இல்லாத விதித்தாளால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு மேடைப் பக்கம் கூட்டம் கூடுகிறது.

அடுத்து மொத்த கோல் வித்தியாசம், அடித்த கோல், பிறகு அட்டைகள். மஞ்சளுக்கு 1, இரண்டாம் மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4 எனக் கழியுங்கள். 2018 உலகக் கோப்பையில் நான்கு மஞ்சள் வாங்கிய ஜப்பான் உள்ளே போனது, ஆறு வாங்கிய செனகல் வெளியேறியது. இதற்கு ஒவ்வொரு ஆட்டத்தின் அட்டைக் கணக்கும் நடுவர் கையெழுத்தோடு அன்றே கோப்பில் ஏற வேண்டும். மூன்றாம் நாள் ஞாபகத்திலிருந்து எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி (திருவட்டாறு வாசகர்): மழையில் ஆட்டம் நின்றுவிட்டால்?

பதில்: ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டுகிற மாவட்டம் இது. இந்த விதி இல்லாமல் இங்கே போட்டி அறிவிக்கவே கூடாது. நின்ற நிமிடத்திலிருந்து, அதே ஸ்கோரோடு, அப்போது களத்தில் இருந்த அதே வீரர்களோடு மறுநாள் காலை தொடர்வதுதான் நல்லது. புதிதாக முதலிலிருந்து ஆடுவதென்றால், தோற்றுக்கொண்டிருக்கும் அணி மழைக்காகக் காத்திருக்கும். நிறுத்திய நிமிடம், ஸ்கோர், பந்து யாரிடம் இருந்தது, மூன்றையும் நடுவர் அங்கேயே எழுதி இரு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

கேள்வி (கருங்கல் வாசகர்): எல்லாம் சமமாகிக் குலுக்கல் என்று வந்தால் எப்படிப் போடுவது? நாணயமா, சீட்டா?

பதில்: இரண்டு அணி என்றால் நாணயம் போதும். மூன்று என்றால் சீட்டு. ஒரே தாளைக் கிழித்து ஒரே அளவில் துண்டுகள், ஒரே பேனா, ஒரே ஆள் எழுத வேண்டும். எழுதியதை மடிக்கும் முன் கேப்டன்களிடம் காட்டுங்கள். நான்காக மடித்து, உள்ளே தெரியாத எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். எந்தக் கல்லூரியையும் சேராத ஒருவர், முடிந்தால் ஒரு சின்னப் பிள்ளை, எடுக்கட்டும். எடுத்த சீட்டைப் படித்தபின் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சீட்டுகளையும் பிரித்துக் காட்டுங்கள். பல இடங்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், ‘எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பிரித்த சீட்டுகளை அன்றைய ஸ்கோர் தாளோடு பின்குத்தி வைத்துவிடுங்கள்.